ஒரே மதிப்பெண்ணை எத்தனை முறை எழுதுகிறீர்கள்?

கேள்வி இதுதான்: "எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். நான்கு பிரிவு, மொத்தம் 160 பிள்ளைகள். பள்ளி விட்டு வீட்டுக்குப் போனாலும் நோட்டுக் கட்டும் மதிப்பெண் பட்டியலும் கூடவே வருகின்றன. தொழில்நுட்பத்தால் இதைக் குறைக்க முடியுமா, எந்த ஆப் நல்லது?"

குறைக்க முடியும். ஆனால் எந்த ஆப் என்ற இடத்தில் ஆரம்பித்தால் பெரும்பாலும் வேலை கூடத்தான் செய்யும், அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். இருபது வருடத்துக்கு மேல் கணக்கும் அறிவியலும் எடுத்திருக்கிறேன், கடந்த சில வருடங்களாக மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய கணினி வேலைகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவருகிறேன். இந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. ஆசிரியரின் நேரம் அதிகமாகப் போவது ஒரே வேலையை இரண்டாவது முறை, மூன்றாவது முறை செய்வதில். விடைத்தாளில் மதிப்பெண் போடுகிறோம், அதையே நம் பதிவேட்டில் எழுதுகிறோம், வகுப்பாசிரியர் கொடுத்த தொகுப்புப் பட்டியலில் எழுதுகிறோம், முன்னேற்ற அறிக்கையில் எழுதுகிறோம், அப்புறம் பள்ளியின் இணையதளத்தில் ஏற்றுகிறோம். ஒரு பிள்ளையின் ஒரே ஒரு மதிப்பெண், ஐந்து இடம். கணினி பிறந்ததே இந்த மாதிரி வேலைக்குத்தான். ஒரு பிள்ளையின் விடையைப் படித்து, இவள் எங்கே தடுமாறினாள் என்று யோசிக்கும் வேலை இருக்கிறதே, அது முதல் தடவை செய்யும் வேலை. அங்கே கருவி கொஞ்சம்தான் உதவும், சில நேரம் கெடுக்கும்.

அதனால் எதையும் டவுன்லோட் செய்வதற்கு முன்னால் ஒரு வாரம் கணக்கு வையுங்கள். ஒரு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு ஒரு கோடு. வகுப்பு, பாடத் தயாரிப்பு, திருத்தம், பதிவேடும் பட்டியலும், செய்தியும் கூட்டமும், தேடல் என்று ஆறு தலைப்பு போதும். தேடல் என்று தனியாகப் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: போன வருடம் போட்ட வினாத்தாள் எந்த பென்டிரைவில் இருக்கிறது என்று தேடும் இருபது நிமிடம் வேறு எந்தத் தலைப்பிலும் வராமல் தப்பித்துவிடும். பலரும் திருத்துவதுதான் தங்களைக் கொல்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள், வார முடிவில் தாளைப் பார்த்தால் பதிவேடும் தேடலும் சேர்ந்து திருத்தத்துக்குப் போட்டியாக நிற்கும்.

இது நம் ஒருவர் கதையும் இல்லை. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2018-ல் பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய டாலிஸ் ஆய்வில் நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் சராசரியாக வாரத்துக்கு 38.8 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள், அதில் பாடம் நடத்துவது பாதிக்குக் கொஞ்சம் மேல். ஜப்பானில் நிலைமை இன்னும் மோசம். வாரத்துக்கு 56 மணி நேரம், அதில் வகுப்பறையில் இருப்பது 18 மணி நேரம்தான். மிச்சம் எல்லாம் வகுப்புக்கு வெளியே. அந்த வெளி வேலையில்தான் கை வைக்க வேண்டும்.

முதலில் மதிப்பெண் பட்டியல், ஏனென்றால் இதில்தான் பலன் சீக்கிரம் கிடைக்கும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ், இரண்டில் எது பழக்கமோ அது. ஒரு ஃபைல் மட்டும். முதல் பக்கத்தில் 160 பிள்ளைகளின் வரிசை எண், பெயர், பிரிவு, பெற்றோர் தொலைபேசி. வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பெயரை டைப் செய்வீர்கள், அதுகூட அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பட்டியலை வாங்கி ஒட்டிவிட்டால் அந்த ஒரு தடவையும் இல்லை. அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பத்தி. வரிசை எண்ணைப் போட்டால் பெயர் தானாக வந்து நிற்பதற்கு விலுக்அப் என்று ஒரு ஃபார்முலா உண்டு, புதிய எக்செலில் எக்ஸ்லுக்அப். அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். 50-க்கு நடத்திய தேர்வில் கை தவறி 55 என்று அடித்தால் ஏற்க மறுக்கும்படி டேட்டா வேலிடேஷன் வைத்துவிடுங்கள். தேர்வுக்கு வராத பிள்ளைக்குச் சுழியம் போடாதீர்கள், "வரவில்லை" என்று எழுத்தில் போடுங்கள். சராசரி எடுக்கும் ஃபார்முலா எழுத்தைக் கணக்கில் சேர்க்காது, சுழியத்தைச் சேர்த்துக்கொண்டு வகுப்புச் சராசரியைக் கீழே இழுத்துவிடும். அந்தச் சின்ன விஷயம் தெரியாமல் பட்டியலைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்த ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒரு ஃபைல் ஒழுங்காக இருந்துவிட்டால் முன்னேற்ற அறிக்கை எழுதுவது வேலையே இல்லை. வேர்டில் மெயில் மெர்ஜ் என்று ஒரு வசதி பல வருடமாக இருக்கிறது. அறிக்கையின் வடிவத்தை ஒரு முறை அமைத்து, பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர்ப் பத்தியையும் மதிப்பெண் வரவேண்டிய இடத்தில் மதிப்பெண் பத்தியையும் இணைத்துவிட்டால் 40 பிள்ளைகளுக்கும் 40 அறிக்கை ஒரே தடவையில் வரும். கையால் எழுதினால் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 200 நிமிடம். பெற்றோருக்குப் போகும் கடிதம், சுற்றுலா அனுமதிப் படிவம், தேர்வு அறையில் மேசையில் ஒட்டும் பெயர்ச் சீட்டு, எல்லாம் இதே வழிதான்.

கணினியே தேவைப்படாத ஒன்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். விடைத்தாளை வாங்கும்போதே வரிசை எண்படி அடுக்கித் தரும்படி பிள்ளைகளைப் பழக்குங்கள். ஷீட்டில் மேலிருந்து கீழே மதிப்பெண்ணை அடித்துக்கொண்டே போகலாம். கலைந்து கிடக்கும் 40 தாளில் ஒவ்வொரு பெயராகத் தேடித் தேடி ஏற்றினால் எவ்வளவு நல்ல ஃபைலும் நேரத்தை மிச்சப்படுத்தாது.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வருகைப் பதிவுக்கு ஆப் கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஆனால் பழைய பதிவேட்டையும் விடவில்லை, மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு மூன்றாவதாக ஒரு தொகுப்பும் கேட்டார்கள். இரண்டு நிமிட வேலை ஆறு நிமிடம் ஆனது, ஒவ்வொரு நாளும். அதற்குப் பிறகு புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது வந்ததும் எதை விடப்போகிறோம்?" என்பதுதான். இந்தக் கேள்வியைத் தலைமையாசிரியரிடம் மரியாதையாக, ஆனால் நேராகக் கேளுங்கள். பழையது எதையும் விடாமல் சேர்க்கும் தொழில்நுட்பம் பணிச்சுமைதான், அதை எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும் சரி. பதிவேடு சட்டப்படி காகிதத்தில் இருந்தே ஆகவேண்டும் என்றால், ஆப்பில் பதிந்ததை மாதம் ஒருமுறை அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு ஒட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட இடங்களில் சிலவற்றில் சரி என்று ஒத்துக்கொண்டதும் உண்டு.

சரி, திருத்தத்துக்கு வருவோம். 160 நோட்டு, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலே ஐந்து மணி இருபது நிமிடம். ஒரு சுற்றுக்கு. இதை எல்லாம் ஒரே மாதிரி வேலை என்று பார்க்காமல் இரண்டாகப் பிரியுங்கள்: சரியா தவறா என்று பார்க்கும் திருத்தம், படித்துப் புரிந்துகொள்ளும் திருத்தம்.

முதல் வகையை எந்திரத்திடம் கொடுக்க ஆசைப்பட்டது நாம்தான், கம்பெனிகள் இல்லை. 1930-களில் அமெரிக்காவில் ரெனால்ட் ஜான்சன் என்ற உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர், பென்சில் கோட்டில் இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்து விடைத்தாள் திருத்தும் எந்திரம் ஒன்றை உருவாக்கினார். ஐபிஎம் நிறுவனம் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டு, அந்த எந்திரத்தை 805 என்ற எண்ணில் வெளியிட்டது. அதே மனிதர்தான் பின்னாளில் 1956-ல் வந்த முதல் ஹார்ட் டிஸ்க் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ஓர் ஆசிரியரின் மேசையில் ஆரம்பித்த யோசனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள், எனக்கு இது எப்போதும் பெருமையாக இருக்கும்.

இன்றைக்கு அதே வேலையைக் கூகுள் ஃபார்ம்ஸ் செய்கிறது. குவிஸ் என்று மாற்றி விடையைக் குறித்துவிட்டால் பிள்ளை அனுப்பிய நொடியில் மதிப்பெண் வந்து ஷீட்டில் உட்கார்ந்துவிடும், நீங்கள் ஏற்ற வேண்டியதுகூட இல்லை. பிள்ளைகளிடம் கருவி இல்லையென்றால், விடைக் குமிழ்த் தாளை அச்சிட்டுக் கொடுத்து உங்கள் கைபேசி கேமராவால் திருத்தும் ஜிப்கிரேட் போன்றவை உண்டு. பிளிக்கர்ஸ் என்று இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்பு வெள்ளை வடிவம் அச்சிட்ட ஓர் அட்டை. எந்தப் பக்கத்தை மேலே தூக்கிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. நீங்கள் கைபேசியை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால் யார் எந்த விடை சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். ஒவ்வொருவர் அட்டையும் வேறு வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்குவதும் சுலபமில்லை. கணினி அறை வேண்டாம், பிள்ளைகளுக்கு இணையம் வேண்டாம்.

ஆனால் நான்கு விடைக் கேள்வியின் மதிப்பு முழுக்கத் தவறான மூன்று விடைகளில் இருக்கிறது. இதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 200 நியூட்டன் விசை செங்குத்தாகச் செயல்படுகிறது, அழுத்தம் எத்தனை பாஸ்கல்? சரியான விடை 40,000. மற்ற மூன்றையும் வாய்க்கு வந்தபடி போடாமல் 400, 4, 1 என்று போடுங்கள். 400 என்று சொன்ன பிள்ளை சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்க 10,000-ஆல் வகுப்பதற்குப் பதில் 100-ஆல் வகுத்திருக்கிறது. 4 என்று சொன்ன பிள்ளை அலகை மாற்றவே இல்லை. 1 என்று சொன்ன பிள்ளை வகுப்பதற்குப் பதில் பெருக்கியிருக்கிறது, அதாவது அழுத்தம் என்றால் என்ன என்பதே அதற்குப் புரியவில்லை. ஷீட்டில் அந்தப் பத்தியை ஃபில்டர் செய்தால் மூன்று குழு தானாகப் பிரிந்து நிற்கும். 400 குழுவுக்குப் பத்து நிமிடம் அலகு மாற்றம், 1 குழுவுக்குப் பாடத்தையே இன்னொரு தடவை. 160 நோட்டைப் புரட்டினாலும் இவ்வளவு தெளிவாக அன்றைக்கே தெரிந்திருக்காது. இப்படி வாரத்துக்கு ஐந்து கேள்வி தயாரித்துச் சேர்த்துவைத்தால் அடுத்த வருடம் உங்களிடம் 150 கேள்விக்கு மேல் இருக்கும், அந்த வருடம் நேரச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

இரண்டாவது வகை, படித்துப் புரிந்துகொள்ளும் திருத்தம். இதை எந்திரத்திடம் கொடுக்க வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை இருந்தால்தான் ஆசிரியர் வேலை செய்தார் என்று அர்த்தம் என்ற எண்ணம் நம்மை விட்டுப் போகவேண்டும். 1988-ல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்கள் மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மதிப்பெண்ணைப் பார்த்ததும் பிள்ளை குறிப்பைப் படிப்பதில்லை, நாம் எல்லாரும் கண்ணால் பார்த்த விஷயம்தான் இது. 40 நோட்டில் மதிப்பெண்ணுக்குக் கீழே எழுதிய குறிப்புகளுக்கு நாம் செலவழித்த இரவுகளை யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பதில் நான் செய்வது இது. நோட்டுக் கட்டைப் படிக்கும்போது நோட்டில் எதுவும் எழுதமாட்டேன், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் மட்டும். பலரும் செய்த பிழை, நன்றாக எழுதிய இரண்டு மூன்று விடை, சொல் பிழை, நான் தனியாகப் பேச வேண்டிய பிள்ளைகள். 40 நோட்டுக்கு 80 நிமிடம் ஆனது 30 நிமிடத்தில் முடியும். நன்றாக எழுதிய ஒரு விடையைக் கைபேசியில் படம் எடுத்து, பெயரை மறைத்து, மறுநாள் திரையில் போட்டு "இதில் எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்பேன். பிள்ளைகள் தங்கள் விடையைத் தாங்களே பச்சை மையில் திருத்துவார்கள். திரை இல்லாத வகுப்பில் கரும்பலகையிலேயே எழுதிவிடலாம்.

தேர்வு விடைத்தாளுக்கு இன்னொரு பழக்கம். ஒரு பிள்ளையின் தாளை முழுக்கத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போகாமல், முதல் கேள்வியை 40 தாளிலும் முடித்துவிட்டு இரண்டாவது கேள்விக்குப் போங்கள். விடைக்குறிப்பு மனதில் நிற்கும், கை வேகம் பிடிக்கும், பத்தாவது தாளுக்கும் முப்பதாவது தாளுக்கும் ஒரே அளவுகோல் இருக்கும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான கிரேட்ஸ்கோப் என்ற மென்பொருள் இந்த முறையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதில் பாதி வழியில் "இந்தப் பிழைக்கு ஒன்று குறைத்தது அதிகம், அரை போதும்" என்று மாற்றினால் ஏற்கெனவே திருத்திய தாள்களிலும் மாறிவிடும். தாளை ஸ்கேன் செய்யும் வசதி இருக்கும் இடத்தில் நல்ல கருவி. வசதி இல்லையென்றால் காகிதத்தில் அந்தப் பழக்கம் மட்டுமே போதுமான லாபம்.

இப்போது எல்லாரும் கேட்கும் விஷயம், சாட்ஜிபிடி மாதிரியான செயற்கை நுண்ணறிவு. இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வு ஒன்று 2024 டிசம்பரில் வெளிவந்தது, அதுவும் உங்களைப் போன்ற அறிவியல் ஆசிரியர்களிடமே நடத்தியது. 68 பள்ளிகள், 259 ஆசிரியர்கள். வழிகாட்டிக் குறிப்போடு சாட்ஜிபிடி பயன்படுத்தியவர்களுக்குப் பாடத் தயாரிப்பு வாரத்துக்கு 56.2 நிமிடம் ஆனது, பயன்படுத்தாதவர்களுக்கு 81.5 நிமிடம். 31 சதவீதம் குறைவு, நிமிடத்தில் சொன்னால் வாரத்துக்கு 25. இன்னொரு பக்கம், 2025-ல் அமெரிக்காவில் கேலப் என்ற நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் வாரம் ஒருமுறையாவது பயன்படுத்தும் ஆசிரியர்கள் தங்களுக்கு வாரத்துக்கு 5.9 மணி நேரம் மிச்சமாவதாகச் சொன்னார்கள். முதலாவது பாடத் தயாரிப்பை மட்டும், இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டது. இரண்டாவது எல்லா வேலைகளையும் சேர்த்து ஆசிரியர்கள் தாங்களே மதிப்பிட்டுச் சொன்னது. நான் முதல் எண்ணை நம்பித் திட்டம் போடுவேன். 25 நிமிடம் என்றால் ஒரு ஃப்ரீ பீரியடில் பாதிக்கு மேல், அது ஒன்றும் குறைவில்லை.

எதற்குப் பயன்படுத்துவது? நீங்கள் ஏற்கெனவே யோசித்துவிட்ட ஒன்றைப் பெருக்குவதற்கு. மேலே சொன்ன அழுத்தக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கையும், மூன்று தவறான விடைக்கும் பின்னால் இருக்கும் பிழையையும் விளக்கிக் கொடுத்து, "இதே பிழைகள் வரும்படி எண்களை மாற்றி இன்னும் ஆறு கணக்கு தா" என்று கேளுங்கள், நன்றாகச் செய்யும். "அழுத்தம் பாடத்துக்குப் பத்துக் கேள்வி தா" என்று மொட்டையாகக் கேட்டால் எந்த வகுப்புக்கும் பொருந்தாத பத்துக் கேள்வி வரும், அதைச் சரிசெய்யும் நேரத்தில் நீங்களே எழுதியிருக்கலாம். பாடப்புத்தகப் பக்கத்தைக் கொடுத்து "இதில் உள்ளதை மட்டும் வைத்து" என்று கட்டுப்படுத்துவது முக்கியம். குறிப்பாகத் தமிழில் கேட்கும்போது கலைச்சொல்லைக் கவனியுங்கள்: நிறை வரவேண்டிய இடத்தில் எடை வரும், திசைவேகம் வரவேண்டிய இடத்தில் வேகம் வரும். அறிவியல் ஆசிரியருக்கு அது எழுத்துப் பிழை இல்லை, பாடப் பிழை. அப்புறம், ஒவ்வொரு கேள்வியையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். விடைக்குறிப்பில் தவறு வரும், இரண்டு விடை சரியாக இருக்கும்படியான கேள்வியும் வரும்.

பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், வீட்டுச் சூழல் எதையும் அதில் போடக் கூடாது. "வரிசை எண் 17" என்றுகூட வேண்டாம், "அலகு மாற்றத்தில் தடுமாறும் பிள்ளை" என்று சொன்னாலே அதற்கு வேண்டியது கிடைத்துவிடும். கட்டுரைகளை அதனிடம் கொடுத்து மதிப்பெண் வாங்குவதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மாணவர்களின் கற்றலை மதிப்பிடும் மென்பொருள்களை அதிக ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை எனக்காக எழுதியது, நான்தான் படிக்க வேண்டும்.

பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை சாட்ஜிபிடியில் எழுதினார்களா என்று கண்டுபிடிக்கும் கருவிகளிலும் நேரத்தைப் போடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் கருவியின் முடிவை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைக் குற்றம் சாட்டுவது பெரிய பாவம். சந்தேகம் என்றால் இரண்டு நிமிடம் கூப்பிட்டு "இந்த வரியை எனக்கு விளக்கு" என்று கேளுங்கள், போதும்.

ஃபைல் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் தேடலில் போகும் நேரம் இங்கேதான் திரும்பக் கிடைக்கும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், வகுப்பு, பாடம், எது என்ற வரிசையில் வையுங்கள்: "2025 எட்டாம்வகுப்பு அழுத்தம் வினாத்தாள்". "புதியது", "கடைசி", "கடைசி திருத்தியது" என்றெல்லாம் வைத்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சுமை, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த வினாத்தாள்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடினாலும் தமிழ்ச் சொல் அகப்படாது. எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன, ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள். அச்சில் மட்டும் இருக்கும் பழைய தாள்களைப் படம் எடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தைப் படித்துத் தந்துவிடும். ஒன்றிரண்டு பிழை இருக்கும், அதைத் திருத்துவது முழுக்க டைப் செய்வதைவிட எவ்வளவோ மேல். தமிழ் டைப்பிங் மெதுவாக வருபவர்கள் கைபேசி விசைப்பலகையில் இருக்கும் மைக்கை அழுத்திப் பேசிவிடலாம். பாடக்குறிப்பை நடந்துகொண்டே பேசி முடிக்கும் ஒருவரை எனக்குத் தெரியும்.

பெற்றோர் செய்திகள். இரவு பத்து மணிக்கு "நாளைக்கு என்ன வீட்டுப்பாடம்?" என்று வாட்ஸ்அப்பில் வருவது நேரத்தை மட்டும் இல்லை, தூக்கத்தையும் எடுத்துக்கொள்கிறது. வகுப்புக் குழுவில் அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு செய்தி போடுங்கள், அந்த நேரம் பெற்றோருக்குப் பழகிவிட்டால் கேள்வி பாதியாகக் குறையும். வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவசச் செயலியில், அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்துவைத்து ஒரு சொல்லில் அழைக்கலாம். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வரும் செய்திக்கு "நாளை காலை பதில் தருகிறேன்" என்று தானாகப் போகும்படியும் வைக்கலாம். இதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். பிரான்சில் 2017 ஜனவரி முதல், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை பற்றி நிறுவனங்கள் ஊழியர்களோடு பேசி முடிவுசெய்ய வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அவசரம் என்றால் பெற்றோர் அழைப்பார்கள், எடுங்கள்.

எதில் நேரத்தைப் போடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அனிமேஷன் வைத்த ஸ்லைடு, பாடத்துக்கென்று சொந்தமாக வீடியோ, விளையாட்டு மாதிரி வினாடி வினா. செய்யும்போது சந்தோஷமாக இருக்கும், மூன்று மணி நேரம் போனதே தெரியாது, வகுப்பில் எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எந்தக் கருவியாக இருந்தாலும் ஒரு கணக்குப் போடுங்கள்: அமைக்க ஆறு மணி நேரம், வாரத்துக்குக் கால் மணி நேரம் மிச்சம் என்றால் போட்ட நேரம் திரும்பி வரவே 24 வாரம். வருடக் கடைசியில் மாறிவிடும் ஆப் என்றால் நஷ்டம்தான். அதனால்தான் புதிது புதிதாக வரும் ஆப்களைவிட ஷீட்டும் ஃபார்மும் வேர்டும் எனக்கு மேலாகத் தெரிகின்றன, பத்து வருடம் கழித்தும் அவை இருக்கும், கற்றது வீணாகாது.

இந்த நேரச் செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, அது பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. அதே வகுப்புக்கு அதே பாடம் எடுக்கும் மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குப் பாடத்துக்குக் கேள்வித் தொகுப்பு தயாரித்து ஒரே டிரைவ் ஃபோல்டரில் போடுங்கள். நீங்கள் மூன்று பாடத்துக்கு உழைத்தால் ஒன்பது பாடம் கையில் இருக்கும். ஒருவர் போட்டதில் இருக்கும் பிழையை இன்னொருவர் பார்த்துவிடுவார், தனியாக இருந்தால் அது நடக்காது.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: இந்த வாரம் அந்த ஆறு தலைப்புக் கணக்கு மட்டும். அடுத்த வாரம் அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலை ஃபைலாக வாங்கி அந்த ஒரே ஷீட். அது கைக்கு வந்து, அடுத்த தேர்வின் மதிப்பெண்ணை ஒருமுறை மட்டும் அடித்து அறிக்கை எடுத்துப் பார்த்த பிறகு, ஒரே ஒரு பிரிவில், ஒரே ஒரு பாடத்துக்கு, ஐந்து கேள்வி ஃபார்ம் அல்லது பிளிக்கர்ஸ். நான்கு பிரிவிலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிடாதீர்கள், முதல் வாரம் ஏதாவது ஒன்று தகராறு செய்யும், அது 40 பிள்ளையோடு நடக்கட்டும், 160 பிள்ளையோடு வேண்டாம். விலுக்அப்பில் பெயர் வராமல் பிழை காட்டினால் முதலில் வரிசை எண் பத்தியைப் பாருங்கள், அனேகமாக ஒரு பக்கம் எண்ணாகவும் இன்னொரு பக்கம் எழுத்தாகவும் பதிவாகியிருக்கும்.